கயலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கயலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதற்குப் பதில் சொல்லாமலே நீ தொலைபேசியை வைத்துவிட்டாய். மனநல ஆலோசகரிடம் போய்வருவதை நீ பழகும் அந்தத் தம்பி மூன்றாவது சந்திப்பிலேயே உன்னிடம் மறைக்காமல் சொன்னதாகவும், அதனால்தான் அவரைப் பிடித்துப்போயிற்று என்றும் நீ சொன்னபோது, "ஆண்பிள்ளை இதையெல்லாம் வெளியில் சொல்வானா?" என்று கேட்டுவிட்டேன். யோசித்துக் கேட்ட கேள்வி அல்ல அது.

மறுநாள் உன் பாட்டியிடம், "தாத்தாவிடம் உங்களுக்கு எது பிடித்தது?" என்று கேட்டேன். சிரித்தார். 1958இல் சிங்கப்பூருக்கு வர நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியபோது அவர் கையில் ஒரு புகைப்படம்தான் இருந்ததாம். குடி உண்டா, வேலை நிலையானதா என்ற இரண்டைத்தான் பெண்வீட்டார் விசாரித்திருக்கிறார்கள். குடிப்பதில்லை, இங்கே செம்பவாங் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை என்றதும் தாம்பூலம் மாற்றிவிட்டார்கள். பிடிப்பது என்பது அவர்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு வரவேண்டிய சங்கதி. (நிலையானது என்று நம்பிய அந்தத் தளத்திலிருந்து பிரிட்டிஷ் படை 1971இல் வெளியேறியது வேறு கதை.)

என் காலத்தில் ரொக்கம், கார், கடன் அட்டை, கொண்டோமினியம், கிளப் உறுப்பியம் என்று ஆங்கிலத்தில் ‘சி’யில் தொடங்கும் ஐந்தும் உள்ளவரே மாப்பிள்ளை என்று அலுவலகத் தோழிகள் பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் பேசிக்கொள்வார்கள். 1990இல், கார் வைத்திருக்க விலை கொடுத்து வாங்கவேண்டிய சான்றிதழான சிஓஇ வந்த பிறகு கார் வைத்திருப்பவருக்குக் கூடுதல் மவுசு. உன் அப்பாவிடம் ஒரு பழைய மோட்டார்சைக்கிளும், அங் மோ கியோ மூவறை வீட்டில் தம்பியோடு பங்குபோட்ட ஓர் அறையும்தான் இருந்தன. காசுக்கு நான் மயங்கவில்லை என்று இத்தனை வருடமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் மயங்கியது எதற்கு? மற்றவர்கள் அளந்துகொண்டிருக்கும்போது அவர் பேசாமல் கேட்டுவிட்டு, எல்லாருடைய தேநீருக்கும் காசு கொடுத்துவிட்டு எழுந்துபோவார். அந்த மௌனத்தைத்தான் ஆண்மை என்று நினைத்தேன்.

1998இல் ஆட்குறைப்பில் அவருக்கு வேலை போயிற்று. உனக்கு அப்போது இரண்டு வயது. பதினொரு நாள் வழக்கம்போல் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, நான் கட்டிக்கொடுத்த சோற்றையும் எடுத்துக்கொண்டு, நூலகத்தில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் திரும்பியிருக்கிறார். துவைக்க ஊறப்போட்ட சட்டையின் பையிலிருந்து, வெட்டி மடித்து வைத்திருந்த வேலை விளம்பரங்கள் கூழாகி என் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. வேலை போனதைவிட, பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அது தெரியாமல் போனதுதான் வலித்தது. இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

நீ பிறந்த மூன்றாம் நாள் அவர் வேலைக்குப் போய்விட்டார். எனக்கே அது வித்தியாசமாகத் தோன்றவில்லை. அப்பாக்களுக்கு ஒரு வார விடுப்பைச் சட்டம் கொடுத்ததே 2013இல்தான். இப்போது நான்கு வாரம். சித்தி மகளின் கணவர் அந்த நான்கு வாரமும் எடுத்துக்கொண்டு, குழந்தையின் தலையை முழங்கை மடிப்பில் தாங்கிக் குளிப்பாட்டியதை உன் அப்பா கதவருகே நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே உன் தெரிவை இனி நான் கேலி செய்யமாட்டேன். ஆனாலும் தாய்க்குரிய சந்தேகம் ஒன்று போகவில்லை. தன் மனத்தை நன்றாகப் பேசத் தெரிந்தவர் எல்லாரும் எதிரில் இருப்பவர் மனத்தைக் கேட்பதில்லை. உனக்குக் காய்ச்சல் வந்த வாரம் அவர் என்ன செய்தார் என்று எழுது. தீபாவளிக்கு மெல்பர்னிலிருந்து வரும்போது அவரையும் அழைத்து வா.

அனுப்புவதற்கு முன் இக்கடிதத்தை அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். நிதானமாகப் படித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பதினொன்று இல்லை, ஒன்பது நாள்" என்றார்.

அன்புடன்,
அம்மா