பெடியளின்ர கேமுக்கு நெற்

மச்சான்,

நீங்கள் எல்லாரும் நல்லூர்த் திருவிழாவுக்கு வாறியள் எண்டவுடன அம்மாவுக்குச் சந்தோசம், ஆனா கொடி இறங்கிற வரைக்கும் மரக்கறிதான், ஒடியல் கூழ் பேந்துதான் எண்டு இப்பவே சொல்லிப்போட்டா. நீ எங்க கூழைப் பற்றிக் கேட்டனி, பெடியள் பிளேஸ்டேஷனையும் எக்ஸ்பொக்ஸையும் காவிக்கொண்டு வரப்போறாங்களாம், எந்த இன்ரநெற் பக்கேஜ் எடுக்கிறது எண்டுதானே கேட்டிருக்கிறாய்.

பக்கேஜை விடு. ஒன்லைன்ல விளையாடேக்க ஒரு கொன்சோலுக்கு 1 எம்பிபிஎஸ் வேகம் (செக்கனுக்கு 1 மெகாபிற்) கூடப் பெரும்பாலும் போகாது, கேம் இறக்கேக்கதான் 50 ஜிபி, 100 ஜிபி எண்டு குடிக்கும், அதால ரொறன்ரோவில இருந்து வெளிக்கிட முதலே எல்லாத்தையும் அப்டேட் பண்ணச் சொல்லு.

இங்க சிக்கல் நாட் தான், அதாவது கனக்கக் கருவியள் ஒரே ஐபியை, நெற் விலாச இலக்கத்தை, பங்குபோட்டுப் பாவிக்கிற முறை. ஞாயிறு உங்கட கொக்குவில் வீட்டை போய் அப்பாவின்ர சிம் போடுற 4ஜி றவுட்டருக்குள்ள பாத்தனான், வான் ஐபி, அதாவது கம்பனி றவுட்டருக்குக் குடுத்த விலாசம், 10 இல தொடங்குது. அப்பிடியெண்டா கம்பனிக்காரன் கனக்க வீடுகளை வெளியுலகத்துக்குத் தெரியிற ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னால வச்சிருக்கிறான், சிஜிநாட் எண்டுறது உதைத்தான், 100.64 இல இருந்து 100.127 வரைக்கும் வந்தாலும் இதே கதைதான். நீ றவுட்டரில எவ்வளவு போட், அதாவது தகவல் உள்ள வாற வாசல், திறந்தாலும் வெளியில இருந்து ஒண்டும் உள்ள வராது, பிளேஸ்டேஷன் நாட் டைப் 3 எண்டும் எக்ஸ்பொக்ஸ் ஸ்ட்ரிக்ட் எண்டும் காட்டும், ரெண்டும் இறுக்கமான நாட் எண்டதுதான், பார்ட்டியில கூடிக் கதைக்கேக்க ஒருத்தன்ர குரல் கேக்கும் மற்றவன்ர கேக்காது, பிறகு பெடியள் உன்னைத்தான் பிடுங்குவாங்கள். றோட்டால ஃபைபர் போகுது, அதை எடுப்பம், ஆனா பப்ளிக் ஐபி தருவாங்களோ எண்டு கேட்டுப்போட்டுத்தான் காசு கட்டோணும்.

அங்கயிருந்து பெரிய கேமிங் றவுட்டர் ஒண்டும் தூக்கிக்கொண்டு வராத. அவங்கள் தாற றவுட்டருக்குப் பின்னால இன்னொண்டைக் கொளுவினா ஒரு நாட்டுக்கு மேல இன்னொரு நாட் வந்து டபுள் நாட் ஆகும், முதலாவதை நாட் செய்யாமச் சும்மா கடத்தி விடுற பிரிட்ஜ் மோட்ல போட்டாத்தான் சரி. ஒரு றவுட்டர் காணும், அதில யுபிஎன்பி எண்ட செட்டிங்கை ஒன் பண்ணி விட்டால் கொன்சோல்கள் தங்களுக்கு வேண்டிய போட்டைத் தாங்களே திறக்கும். எக்ஸ்பொக்ஸ் பாவிக்கிற 3074 ஆம் போட்டைக் கையால ஒரு கொன்சோலுக்கு எழுதி விட்டால் மற்றதுக்கு அந்தப் போட் கிடைக்காது, எல்லாப் போட்டையும் ஒரு கருவிக்கே திறந்து விடுற டிஎம்இசட்டும் அப்பிடித்தான், ஒண்டைத்தான் வைக்கலாம். எக்ஸ்பொக்ஸில அட்வான்ஸ்ட் செட்டிங்ஸுக்குள்ள வேற போட் தெரியிறதுக்கு இடம் இருக்கு, ஒரே போட்டுக்கு ரெண்டு கொன்சோலும் சண்டை பிடிச்சா அதை மாத்தி விடலாம்.

மற்றது வைஃபை. உங்கட பழைய வீட்டுச் சுவர் இருக்கிற மொத்தத்துக்கு விறாந்தையில இருக்கிற 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை பின்னறைக்குப் போய்ச் சேராது, 2.4 போகும், ஆனா அது அயலட்டை எல்லாற்ற வைஃபையோடயும் நெரிபட்டுக்கொண்டு நிக்கும். நான் சொல்லுறது கேபிள்தான், கற் 6 எண்ட நெற்வேர்க் வயர் 100 மீற்றர் வரைக்கும் பிரச்சினையில்லாம இழுக்கலாம், சீலிங்குக்கு மேலால கொண்டுபோய் பின்னறையில ஒரு சின்ன நெற்வேர்க் ஸ்விச், ஒரு வயரைப் பலதாப் பிரிக்கிற பெட்டி, வச்சா ரெண்டு கொன்சோலுக்கும் காணும்.

தங்கச்சி தேர் வீடியோவை அப்லோட் பண்ணேக்க பிங், அதாவது தகவல் போய் வர எடுக்கிற நேரம், எகிறும், லைன்ல கியூ நீண்டு போறதாலதான் அது வாறது, றவுட்டரில எஸ்கியூஎம் எண்ட, கியூவை ஒழுங்குபடுத்துற வசதி இருந்தா அப்லோட் வேகத்தை லைன் வேகத்தில 90 வீதத்துக்குக் குறைச்சு வச்சால் அடங்கும்.

ஆனா ஒண்டு, பெடியளிட்ட இப்பவே சொல்லி வை. அங்கத்தைய சிநேகிதரோட இங்க இருந்து விளையாடினா என்ன செய்தாலும் லாக், அதாவது பிந்துறது, இருக்கும். ஃபைபருக்குள்ள வெளிச்சம் செக்கனுக்கு கிட்டத்தட்ட 2 லட்சம் கிலோமீற்றர்தான் ஓடும், யாழ்ப்பாணத்தில இருந்து ரொறன்ரோ 13 ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல, போய் வரவே 130 மில்லிசெக்கன், கேபிள் சுத்திப் போறதெல்லாம் சேந்தா 200 தாண்டும். கேம் விட்டால் சிங்கப்பூர் சேர்வரைத் தெரிஞ்சு விளையாடட்டும், இல்லாட்டி எங்கட ஒழுங்கைப் பெடியளோட கிரிக்கெட் அடிக்கட்டும்.

சின்னவனும் நின்டென்டோ ஸ்விச் கொண்டு வாறானோ? பழைய மொடல் டொக் (டிவியோட கொளுவிற ஸ்ராண்ட்) எண்டால் லான் போட், நெற்வேர்க் வயர் கொளுவிற துவாரம், இல்லை, யுஎஸ்பி அடாப்டர் வாங்கோணும், ஓலெட் மொடல் எண்டால் டொக்கிலயே இருக்கு. என்னெண்டு பாத்துச் சொல்லு, நான் வயரை அளந்து வாங்கி வைக்கிறன்.