வியாழன் வெளிறிப்போவது ஏன்?

அன்பு நண்பா,

கடிதமும், தொலைநோக்கியில் வெப்கேமைப் பொருத்தி நீ எடுத்த படமும் வந்து சேர்ந்தன. வியாழன் வெறும் வெள்ளைப் பொட்டாக விழுந்திருப்பதற்குத் தொலைநோக்கியைக் குறை சொல்லாதே. அதன் 114 மி.மீ. கண்ணாடி வியாழனின் இரண்டு பெரிய மேகப் பட்டைகளையும் தாராளமாகக் காட்டும். கெடுத்தது வெப்கேமின் ஆட்டோ எக்ஸ்போஷர், அதாவது ஒளியேற்கும் நேரத்தைத் தானே தீர்மானிக்கும் வசதி. படத்தில் முக்கால்வாசிக்கு மேல் இருட்டு என்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது, கோள் வெளிறிவிடுகிறது. படம்பிடிக்கும் மென்பொருளான ஷார்ப்கேப்பில் ஆட்டோ என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிடு. வியாழனுக்கு 15 அல்லது 20 மில்லி விநாடி எக்ஸ்போஷரில் தொடங்கி, ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) 70 சதவீதத்தில் நிற்கும்படி கெயினை (சென்சார் தரும் சைகையைப் பெருக்கும் அளவை) வை. சனி மங்கலானது, இதைப்போல் இரண்டு மடங்கு எக்ஸ்போஷராவது கேட்கும்.

5x பார்லோ (படத்தை ஐந்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்) வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். சென்சாரின் பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து ஐந்தால் பெருக்கு, வேண்டிய எஃப் எண் (குவியத்தூரத்தைக் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்தது) கிடைக்கும். 3 மைக்ரான் என்றால் எஃப்/15. உன் குழாய் எஃப்/8, ஆகவே 2x பார்லோ போதும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. 640×480 கேட்டால் பல எச்.டி. வெப்கேம்கள் நடுப்பகுதியை மட்டும் வெட்டித் தருவதில்லை, முழுப் படத்தையும் சுருக்கித் தருகின்றன. 3 மைக்ரான் பிக்சல் அப்போது 6 மைக்ரான் போல ஆகிவிடும். இரண்டு அளவிலும் வியாழனை எடுத்து விட்டத்தை பிக்சலில் அளந்து பார். மாறாவிட்டால் வெட்டல், பாதியானால் சுருக்கம். சுருக்கம்தான் என்றால் 3x பார்லோ பொருந்தும். 1280×720-க்கே போய்விடலாமே என்று தோன்றும். அந்த அளவில் பெரும்பாலும் எம்ஜேபெக் அமுக்கம் வந்து, பட்டைகளின் நுணுக்கத்தைத் தின்றுவிடும். அமுக்காமல் படம் தரும் ஒய்யுஒய்2 வடிவம் கிடைக்கும் அளவிலேயே இரு.

வெப்கேமின் லென்ஸைக் கழற்றியபோது அதன் பின்னால் ஒட்டியிருந்த சிவப்புச் சாயல் கண்ணாடியும் போயிருக்கும். அகச்சிவப்பைத் தடுப்பது அதுதான். உன் படத்தில் நிறம் செத்திருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். 1.25 அங்குல யுவி/ஐஆர் கட் ஃபில்டர் ஒன்றை முன்னால் திருகிவிடு. சென்சாரில் தூசி விழுந்தால் ரப்பர் பல்பால் ஊது, துணி படவே கூடாது. உள்ளே எரியும் எல்இடி விளக்கைக் கறுப்பு டேப்பால் மூடு.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், கடைசியில் படத்தைத் தீர்மானிப்பது காற்றுதான். குழாயைப் படம் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடு. கண்ணாடி சூடாக இருக்கும்வரை படம் கொதித்துக்கொண்டேதான் இருக்கும். கோள் 30 பாகைக்குக் கீழே இருந்தால் காத்திரு. தாழ்வில் காற்றே பட்டகம்போல் நிறத்தைப் பிரித்து, ஒரு விளிம்பில் நீலமும் எதிர்விளிம்பில் சிவப்பும் காட்டும். வெயிலில் காய்ந்த கூரைக்கு மேலாகக் குறிவைக்காதே. குவியத்தைக் கோளின் விளிம்பைப் பார்த்துச் சரிசெய்வது கடினம். வியாழனின் நிலவொன்றை, கெயினைக் கொஞ்சம் ஏற்றி, மிகச் சிறிய புள்ளியாக்கு. பிறகு கெயினை இறக்கிவிடு.

வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. வட்டின் நடுவில் இருக்கும் புள்ளி நிமிடத்துக்கு ஏறக்குறைய கால் ஆர்க் விநாடி (ஒரு ஆர்க் விநாடி என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) நகரும். உன் கண்ணாடி பிரித்துக்காட்டும் எல்லையே 1 ஆர்க் விநாடிதான். ஆகவே ஒரு வீடியோ 3 நிமிடத்தைத் தாண்டவேண்டாம். நொடிக்கு 30 ஃபிரேம் வீதம் 2 நிமிடத்திலேயே 3,600 கிடைத்துவிடும். 20 மில்லி விநாடி வைத்தால் 30 ஃபிரேமுக்கு இடமுண்டு. 33 மில்லி விநாடியைத் தாண்டினால் வேகம் குறையும்.

வீடியோவின் ஃபிரேம்களை ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருள் தரவரிசைப்படுத்திக் கொடுத்ததும் மேலே உள்ள 10 முதல் 20 சதவீதத்தை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கு. மேலும் குறைத்தால் படம் கூர்மையாகத் தெரியும், ஆனால் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் ஏறும். பிறகு ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளில், படத்தைக் கூர்மையாக்கும் வேவ்லெட் அளவுகளை இழுக்கும்போது கோளின் விளிம்பில் இரண்டாவது கோடு ஒன்று தோன்றினால் அளவு மீறிவிட்டாய், பின்வாங்கு. காற்று பிரித்த நிறவிளிம்பை அங்கேயே உள்ள ஆர்ஜிபி அலைன், சிவப்பு, பச்சை, நீலப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சரிசெய்துவிடும்.

சனியை இப்போதே தொடங்கிவிடு. 2025 மார்ச்சில் வளையம் விளிம்பு மட்டும் தெரியத் திரும்பியது. இனி வரும் ஆண்டுகளில் விரிந்துகொண்டே போகும். அதே அமைப்பில் ஆண்டுக்கொரு படம் எடுத்தால் அந்த விரிவை வரிசையாகக் காணலாம்.

அடுத்தமுறை முடித்த படத்தோடு 500 ஃபிரேம் அளவுக்கு மூல வீடியோவையும் (ஏவிஐ கோப்பு) அனுப்பு. தவறு குவியத்திலா, காற்றிலா, கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லாததிலா என்பது அதில்தான் தெரியும்.

அன்புடன்,
உன் நண்பன்