பாயசத்துக்கு முந்திரி கேட்பவளுக்கு எழுது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. அண்ணன் சின்னவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டான். மற்றதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். இப்போது உன் முந்திரி விளம்பரத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நீ போனை எடுப்பதில்லை. வேலை இருக்கும், சரி. ஆனால் ஸ்டேட்டஸ் மட்டும் தவறாமல் போடுகிறாய், அதைத்தான் நான் தினமும் படிக்கிறேன். நேற்று ராத்திரி இரண்டு மணிக்குப் போட்டிருந்தாய்: "பிரீமியம் தரத்தில் நூறு சதவீதம் இயற்கையான முந்திரி. ஆரோக்கியமான வாழ்வின் தொடக்கம்." படம் அழகாக இருக்கிறது, எழுத்தும் அழகு. ஆனால் இதைப் படித்துவிட்டு ஒருத்தி எதற்காகப் பணம் அனுப்புவாள், சொல்லு? முழுப் பருப்பா உடைசலா, சொத்தை இருக்குமா, போன வருஷத்துச் சரக்கா, கையில் வந்து சேர எத்தனை நாள் என்று எதுவும் அதில் இல்லை. பிரீமியம் என்று எல்லாரும்தான் எழுதுகிறார்கள். இரண்டு மணிக்கு யார் விழித்திருந்து படிக்கப்போகிறார்கள்? நீ ஏன் அந்த நேரத்தில் விழித்திருக்கிறாய்?

நம் கடைக் கல்லாவில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில், "முந்திரி கொடுங்க" என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. "பாயசத்துக்கு வேணும்", "பொண்ணு மாசமா இருக்கா, தினமும் நாலு கொடுக்கணும்", "சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோகணும்" என்று கேட்கும்போதே காரணத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் காரணத்தைக் காதில் வாங்கினால் போதும், எதை எடுத்துக் கொடுப்பது, என்ன பேசுவது என்று தெரிந்துவிடும். பாயசக்காரிக்கு உடைசல். நெய்யில் வறுத்துப் போடுகிறவளுக்கு முழுசாக இருந்தால் என்ன, பாதியாக இருந்தால் என்ன? விலை குறைவு என்று சொன்னால் அவளுக்குச் சந்தோஷம். சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோகிறவரிடம் அதே "விலை குறைவு" என்ற பேச்சை எடுத்தால் முகம் சுருங்கிவிடும். அவருக்கு 180 அல்லது 210 ரகம். பெரிய வெள்ளைப் பருப்பு, டப்பாவைத் திறந்ததும் எதிரில் இருப்பவர் கண் விரிய வேண்டும். மாசமாக இருக்கிற பெண்ணின் அம்மாவுக்கு விலையும் அளவும் இரண்டாம் பட்சம். சிக்கு வாடை இல்லாமல் புதுசாக இருக்கிறதா என்று கையில் ஒன்றை வாங்கிக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் பையைத் திறப்பாள்.

மூன்று பேரும் கேட்டது முந்திரிதான். ஆனால் மூன்று பேருக்கும் ஒரே வாசகத்தை எழுதினால் ஒருத்தருக்கும் ஒட்டாது. நீ எழுதுவது அப்படித்தான் இருக்கிறது. ஊருக்கே எழுதுகிறாய், ஒருத்தியைப் பார்த்து எழுதவில்லை.

அண்ணி உன் இன்ஸ்டாகிராமைக் காட்டினாள். அதில் ஒரு பெண், "அக்கா, முந்திரி கேக் செய்ய உடைசல் கிடைக்குமா, அரைக்கத்தானே போறோம்" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு நீ, "எங்களிடம் பிரீமியம் முழுப் பருப்பு மட்டுமே கிடைக்கும்" என்று பதில் போட்டிருக்கிறாய். எனக்கு மனசே ஆறவில்லை. உடைசல் இங்கே டின் டின்னாகக் கிடக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டேனா? அது போகட்டும், அவள் உனக்கு விளம்பரமே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்: "முந்திரி கேக்குக்கு உடைசல். அரைக்கத்தானே போகிறீர்கள், முழுப் பருப்புக்கு ஏன் அவ்வளவு விலை கொடுக்க வேண்டும்? கால் கிலோ இவ்வளவு. சொத்தை இருந்தால் பணம் திரும்ப வரும்." அவ்வளவுதான். வாங்குகிறவர்கள் கேட்ட கேள்வியையெல்லாம் அவர்கள் வாயில் வந்தபடியே ஒரு நோட்டில் எழுதி வை. திருத்தாதே. எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதோ அதற்குப் பதிலை விளம்பரத்தின் முதல் வரியில் போடு.

320 ரகம் என்று நீ போடுவதும் அப்படித்தான். நமக்குத் தெரியும், ஒரு பவுண்டுக்கு முந்நூறிலிருந்து முந்நூற்று இருபது பருப்பு நிற்கும் என்று. வாங்குகிறவளுக்கு அது ஏதோ நம்பர், பெரிய நம்பர் பெரிய பருப்பு என்றுகூட நினைத்துக்கொள்வாள். கால் கிலோ பாக்கெட்டில் ஏறத்தாழ 170 பருப்பு இருக்கும் என்று எழுது. 180 ரகம் என்றால் அதே கால் கிலோவில் நூற்றுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும், அவ்வளவு பெரிசு என்று எழுது. அப்போது புரியும்.

கடலூரில் சிக் ஷாம்பு தொடங்கிய கதை உனக்குத் தெரியாததில்லை, அப்பா சொல்லிச் சொல்லி உங்கள் எல்லாருக்கும் சலித்துப்போனது. இருந்தாலும் நான் ஒருமுறை சொல்கிறேன். ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதல் போட்டுத் தொடங்கியது. பெரிய கம்பெனிகளெல்லாம் பாட்டிலை வைத்துக்கொண்டு பட்டணத்துப் பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது இவர் சின்னப் பாக்கெட்டோடு கிராமத்துக்குப் போனார். அங்கே சிகைக்காய்தான், ஷாம்பு என்றால் பயம், முடி கொட்டும் என்பார்கள். அவர்களிடம் "தரமானது" என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒரு பையனை உட்கார வைத்து, எல்லார் முன்னாலும் தலைக்குத் தேய்த்து அலசிவிட்டு, தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்று கூட்டத்தைக் கூப்பிட்டார்கள். எந்தக் கம்பெனி ஷாம்பாக இருந்தாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். அப்புறம் அதையே சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். நம் ஊர்ப் பெண்களுக்குத் தலையில் பூ இல்லாமல் நாள் போகாது என்று தெரிந்து மல்லிகை வாசனையில் கொண்டுவந்தார்கள். அந்தப் பாக்கெட் சரத்தைக் கடை வாசலில் தொங்கவிட்ட நாள் முதல் என்னிடம் அதன் தரத்தைப் பற்றி ஒருத்தியும் கேட்டதில்லை. மல்லிகை இருக்கா என்றுதான் கேட்டார்கள். கிழித்து எடுப்பதற்குள்ளேயே பாக்கெட்டை மூக்கருகில் கொண்டுபோவார்கள்.

உன்னால் எழுத முடியாது என்று நான் சொல்லவில்லை. போன தீபாவளிக்குத் தோல் உரிக்கிற பெண்களைப் பற்றி எழுதினாயே, அதைப் படித்து எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கொட்டையை உடைக்கிற கையில் ஓட்டுப் பால் பட்டுத் தோல் வெந்து கறுத்துப்போவதையும், உரிக்கிறவர்கள் பருப்பு உடையாமல் நகத்து நுனியால் மட்டும் தோலைத் தள்ளுவதையும் நீ சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அப்படியே வந்திருந்தது. எதிர்வீட்டு டீச்சர் அதைப் படித்துவிட்டு ஆர்டர் போட்டார்கள், தெரியுமா? அதை எழுதினவள்தான் இப்போது "ஆரோக்கியமான வாழ்வின் தொடக்கம்" என்று எழுதுகிறாள். அதனால்தான் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

இன்னொன்று. "எங்கள் தோப்பில் விளைந்தது" என்று ஒரு விளம்பரத்தில் எழுதியிருந்தாய். தாத்தா வைத்த தோப்பு 2011 டிசம்பரில் 'தானே' புயலில் சாய்ந்தது உனக்குத் தெரியாதா? மறுபடி வைத்த கன்றுகளில் வருகிறதெல்லாம் உன் ஒரு மாத ஆர்டருக்குக்கூடக் காணாது. பண்ருட்டியில் உடைக்கிற கொட்டையில் பாதிக்கு மேலேயோ என்னவோ, நிறையவே ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? பண்ருட்டியில் உடைத்து, உரித்து, தரம் பிரித்தது என்று எழுது. அது உண்மை, அந்தக் கைப்பக்குவத்துக்குத்தான் மரியாதை. சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும் என்று எழுதியதையும் எடுத்துவிடு. உணவுப் பொருளை நோய்க்கு மருந்து மாதிரி விற்கக் கூடாது என்று 2018-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டுவிட்டது. உன் பேரில் ஒரு வழக்கு வந்து நிற்க வேண்டாம்.

டீச்சருக்கு வந்த பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் பெருங்களத்தூர் முகவரி போட்டிருக்கிறது. முன்னால் மடிப்பாக்கம் என்று இருந்தது. பாக்கெட் போடுகிற இடத்தின் முகவரி சரியாக இருக்க வேண்டும், அது சட்டம். வாங்குகிறவர்களும் அதைப் பார்ப்பார்கள். ஊர் மாறினால் ஏதோ நடந்திருக்கிறது என்று நினைப்பார்கள். மாறியிருந்தால் மாறியது என்று ஒரு வரி சொல்லிவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி.

அப்புறம், முன்பெல்லாம் "நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம், நாங்கள் அனுப்புகிறோம்" என்று எழுதுவாய். பொங்கலுக்குப் பிறகு போட்டதெல்லாம் "நான்" என்று இருக்கிறது. விளம்பரத்துக்கு நான் என்று எழுதுவது நல்லதுதான், ஒரு ஆள் நேரில் பேசுகிற மாதிரி இருக்கும், வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வரும். தப்பில்லை. மாப்பிள்ளை நன்றாக இருக்கிறாரா?

நான் வேறெதுவும் கேட்கவில்லை. வளையலைப் பற்றியும் கேட்கவில்லை, அது உனக்குப் போட்டது, உன் இஷ்டம். சின்னத்தை ஏதாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. இங்கே உன்னைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. பேசினாலும் அப்பா பேச விடமாட்டார்.

ஸ்டேட்டஸை ராத்திரி போடாமல் காலையில் பத்து மணி வாக்கில் போடு. பிள்ளைகளையும் ஆளையும் அனுப்பிவிட்டுப் பெண்கள் கொஞ்சம் உட்காருகிற நேரம் அது. மாசம் பிறந்து முதல் வாரத்தில் விலையைச் சொல்லு, மாசக் கடைசியில் உடைசலைச் சொல்லு. புது ஆளைத் தேடி ஓடுவதற்கு முன்னால், இரண்டாம் தடவை வாங்கினவர்களுக்குப் போன் பண்ணி, ஏன் மறுபடி வாங்கினீர்கள் என்று கேள். விற்பதற்காக இல்லை, கேட்பதற்காக. அவர்கள் சொல்வதில் உனக்கு ஒரு மாதத்துக்கு எழுத விஷயம் கிடைக்கும். போன் பண்ணிப் பேசுவது உனக்கு இப்போது கஷ்டமாக இருந்தால் முதலில் என்னிடம் பேசிப் பார். நானும் வாங்கினவள்தான், அண்ணி பேரில் போன மாதம் வந்த ஆர்டர் என்னுடையது. பருப்பு நன்றாக இருந்தது. உள்ளே வைத்திருந்த சீட்டில் உன் கையெழுத்து கோணிப்போயிருந்தது.

இந்த வாரம் உடைசல் இரண்டு டின்னும் 240 ரகம் ஒரு டின்னும் கட்டி வைக்கிறேன். பணம் இப்போது வேண்டாம். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும், மடிப்பாக்கமா, பெருங்களத்தூரா? பெருங்களத்தூர் என்றால் கதவு எண்ணும் எந்த மாடி என்பதும் எழுதி அனுப்பு. பார்சல் சர்வீஸில் போட்டால் டின் நசுங்கிவிடும் என்று அப்பா தானே கொண்டுவருவதாகச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நானும் அவரோடு வரட்டுமா?

அன்புடன்,
அம்மா