வாசிக்கத் தெரியாமல் தரம் 9 வரை வந்துவிட்ட பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு: மூன்றாவது கோரிக்கை மனு

மதிப்பிற்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கு,

ஐயா,

பொங்கல் முடிந்த கிழமை ஒரு கடிதம் தந்தோம். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு பதிவுத்தபாலில் இன்னொன்று. இரண்டுக்கும் பதில் இல்லை. எங்கள் ஊர் உங்களுக்குத் தெரியாததல்ல. போன மாரியில் குளம் வான்பாய்ந்து பாதை அறுந்தபோது உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்து பள்ளிக்கூடத்தைப் பார்த்தீர்கள். அந்தக் குளக்கட்டுக்குக் கீழேதான் எங்கள் வாசிகசாலை.

1. தரம் 7 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகளை வாசிகசாலைக்குக் கூப்பிட்டு ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னோம். 11 பேருக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை.

2. அதில் ஒருவன் என் மகன். தரம் 9. கரும்பலகையில் உள்ளதை முத்து முத்தாக எழுதிக்கொண்டு வருவான், கொப்பியில் சரி போட்டிருக்கும். அதைப் பார்த்தே இத்தனை வருடம் ஏமாந்தேன். போன காலபோகத்தில் களைநாசினிப் போத்தலைக் கொடுத்து எவ்வளவு கலக்க வேண்டும் என்று பார்க்கச் சொன்னேன். இலக்கத்தைச் சொன்னான். "விதைத்து எத்தனை நாளில் அடிக்கிறதாம்?" என்றேன். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "எழுத்துச் சின்னன் அம்மா" என்றான். எழுத்துச் சின்னதில்லை ஐயா. 'கொ' வந்தால் நின்றுவிடுகிறான். கொம்பு முன்னுக்கு, அரவு பின்னுக்கு, நடுவில் 'க'வை மட்டும் பிடித்துக்கொண்டு தடுமாறுகிறான். கெ, கே, கொ, கோ எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். வரி முடிய முதல் தொடக்கம் மறந்துபோகிறது. இந்தப் பிள்ளை வரலாறும் விஞ்ஞானமும் எப்படிப் படிக்கும்? இரண்டு வருடத்தில் சாதாரண தரப் பரீட்சை. வினாத்தாளை யார் வாசித்துக் காட்டுவது?

3. வீட்டில் சொல்லிக்கொடுங்கள் என்கிறார்கள். 2008 டிசம்பரில் சாதாரண தரம் எழுதியிருக்க வேண்டியவள் நான். அந்த மாதம் வன்னிப் போருக்குள் நாங்கள் எப்படி நின்றோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த வருடம் மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரம். எனக்கு வாசிக்கத் தெரியும், வாசிக்கப் பழக்கத் தெரியாது. தரம் 1 புத்தகத்தை எடுத்தால் எழும்பிப் போய்விடுகிறான். மீசை அரும்பும் பெடியன், தங்கச்சிக்கு முன்னால் "அம்மா, ஆடு" என்று வாசிப்பானா?

4. நாங்கள் காசு கேட்கவில்லை. பம்பைமடுவில், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமைகளில் வரத் தயார். ஒரு பிள்ளைக்கு ஓர் அண்ணாவோ அக்காவோ. எல்லோருக்கும் முன்னால் எழுப்பிவிட்டு வாசிக்கச் சொல்ல மாட்டார்கள். விதைப் பை, போத்தல் சுட்டி, கிரிக்கெட் செய்தி என்று அவர்கள் வயதுக்கு ஏற்றதிலிருந்து தொடங்கலாம். ஆனால் வருகிறவர்கள் கணினியும் கணக்கியலும் படிப்பவர்கள். வளர்ந்த பிள்ளைக்கு எழுத்துக் கூட்டப் பழக்குவது எப்படி என்று யாராவது அவர்களுக்குக் காட்ட வேண்டும். பூந்தோட்டத்தில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் துறையே இருக்கிறது. உங்கள் கையெழுத்தோடு கடிதம் போனால் அதற்கு ஒரு மதிப்பு. எங்கள் சங்கத்தின் ரப்பர் முத்திரைக்கு அது இல்லை.

5. இடம் இருக்கிறது, மேசை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, மத்தியானச் சோறு நாங்கள் சமைப்போம். வெளியாட்கள் படிப்பிப்பதற்கு வலயத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டுமாம். சரி, பிள்ளைகளின் பாதுகாப்பு, அதில் பிழை சொல்ல மாட்டோம். வருகிறவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் முதல் கடிதத்தோடே இணைத்தோமே! அது எந்த மேசையில் கிடக்கிறது? நேரில் வந்தால் ஐயா கூட்டத்தில். அடுத்தமுறை வந்தால் ஐயா கொழும்பில். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒருநாள் கூலி போகிறது.

6. 16 வயது வரை கட்டாயக் கல்வி என்பது சட்டம். அந்த 11 பேரில் இரண்டு பேர் இப்போது பள்ளியை விட்டு மணல் ஏற்றும் ரிப்பர் லொறியில் வேலைக்கு நிற்கிறார்கள். ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று விசாரிக்க வீடு தேடி ஆள் வருகிறது. அனுப்பினால் வாசிக்கப் பழக்குவீர்களா என்று நாங்கள் கேட்டால் ஆள் போய்விடுகிறது.

ஐயா, ஆற்றாமையில் ஏதும் கூடிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இரண்டு கடிதம்: வகுப்புக்கு அனுமதி ஒன்று, கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அறிமுகம் ஒன்று. இந்தத் தவணை முடிய முதல் தாருங்கள். தயவுசெய்து தாருங்கள். முடியாது என்றால் அதையும் எழுத்தில் தாருங்கள்.

11 பெற்றோரின் ஒப்பம் பின்பக்கத்தில் உள்ளது. நால்வர் கைநாட்டு.

இப்படிக்கு,
செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்