பி.பி. கிங் பிறந்தநாள்: ப்ளூஸ் கிட்டார் மாலை

அனைவருக்கும் வணக்கம்.

செப்டம்பர் 16 அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் பிறந்தநாள். ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. அன்று மாலை 6.30 மணிக்கு நம் குடியிருப்பின் பொது அறையில் ப்ளூஸ் கிட்டார் கேட்கிறோம்.

1. முதலில் கிங். 1949இல் ஆர்கன்சாவில் தீப்பற்றிய நடனக்கூடத்துக்குள் திரும்ப ஓடித் தன் கிட்டாரை மீட்டவர். லூசில் என்ற பெண்ணுக்காக அங்கே இருவர் போட்ட சண்டையில் பற்றிய தீ அது. கிட்டாருக்கும் அந்தப் பெயரையே வைத்தார். ஒற்றைச் சுரத்தை இடக்கை விரலால் அதிரவைத்துப் பேசவிடுவார், அதைக் கவனியுங்கள்.

2. அப்புறம் இளம் ப்ளூஸ் கிட்டார் கலைஞர் கிங்ஃபிஷ் இங்க்ரம். 1999இல் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலில் பிறந்தவர், 2022இல் கிராமி இசை விருது வென்றார். அசத்துகிறார்!

3. கிட்டார் பழகும் பிள்ளைகளை அவசியம் அழைத்து வாருங்கள், கிட்டாரும் வரட்டும்.

4. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று 12ஆம் தேதிக்குள் இங்கேயே பதில் போடுங்கள். நாற்காலி போட வேண்டும்.