கைப்பிடி கிழிவது அட்டையின் குற்றமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விற்பனையை முன்னிட்டுக் குளிர்பானத் தயாரிப்பாளர்கள் சிலரும் உள்ளூர்ப் பன்னீர் சோடாக்காரர்களும் நான்கு அல்லது ஆறு கண்ணாடிப் பாட்டில்களைக் கைப்பிடி வைத்த அட்டைப்பெட்டியில் அடுக்கி விற்கத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் அந்தப் பெட்டிகளில் பல, கடைவாசலைத் தாண்டுவதற்குள் கைப்பிடி கிழிந்தோ அடி பிரிந்தோ போவதால், காகிதமெல்லாம் கனம் தாங்காது, பழைய பிளாஸ்டிக் உறையே மேல் என்ற பேச்சு கடைக்காரர்களிடம் வலுத்து வருகிறது. சிவகாசியில் நெடுங்காலம் அட்டைப்பெட்டிகளுக்கு வடிவமைப்பும், அட்டையைப் பெட்டி வடிவில் வெட்டும் அச்சான டைக்கு வரைவும் செய்தவன் என்ற முறையில் இந்தப் பேச்சை மறுக்க விரும்புகிறேன். அட்டை கனம் தாங்கும். நம் ஊர் ஈரத்துக்கும் நம் ஊர் வண்டிக்கும் ஏற்றபடி அதை நாம் இன்னும் வடிவமைக்கவில்லை.

அமெரிக்காவில் கோகோ கோலா நிறுவனம் 1923-ஆம் ஆண்டிலேயே ஆறு பாட்டில் கொள்ளும் அட்டைப்பெட்டியை அறிமுகப்படுத்திவிட்டது. இன்று அந்நாட்டில் இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் பைன் மரக்கூழால் ஆன, வெளுக்காத பழுப்பு நிறக் கிராஃப்ட் அட்டையில் செய்யப்படுகின்றன. பைன் நார் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமுள்ளது. நீண்ட நார்கள் ஒன்றையொன்று பின்னிப் பிடித்துக்கொள்வதால் எளிதில் கிழிவதில்லை. நம்மிடையே அதிகம் புழங்கும் சாம்பல் முதுகு டூப்ளெக்ஸ் அட்டை பழைய காகிதத்தை அரைத்துச் செய்வது. ஒவ்வொரு முறை அரைபடும்போதும் நார் குட்டையாகிறது. மாத்திரைப் பெட்டிக்கும் பற்பசைப் பெட்டிக்கும் அது தாராளமாகப் போதும். பாட்டில் தூக்கும் கைப்பிடிக்கு அதையே கொடுத்துவிட்டுக் காகிதத்தின் மேல் பழி போடுவது நியாயமாகாது.

கிழிகிறது என்று புகார் வந்ததும் நம் அச்சகங்களில் முதலில் செய்வது ஜி.எஸ்.எம்.-ஐ, அதாவது ஒரு சதுர மீட்டர் அட்டையின் கிராம் எடையை, ஏற்றுவதுதான். 350 என்பதை 400 ஆக்குவார்கள். செலவு கூடும், கிழிசல் பெரும்பாலும் நிற்காது. அட்டை ஆலையில் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஓட்டத் திசையிலேயே படுக்கின்றன. இதைத்தான் தொழிலில் கிரெயின் என்கிறோம். கைத்துளையின் மூலையில் தொடங்கும் கிழிசல் மேல்நோக்கிச் சென்று கைப்பிடிப் பட்டையை இரண்டாக்குகிறது. பட்டையின் நீளவாக்கில் நார் படுத்திருந்தால் கிழிசல் ஒவ்வொரு நாரையும் அறுத்துக்கொண்டுதான் ஏறவேண்டும்; நாரும் மேல்நோக்கியே நின்றால் இரண்டு நார்களுக்கு நடுவே வழி கிடைத்துவிடுகிறது. இதை அறியாதவர்கள் தொழிலில் குறைவு. ஆனாலும் ஒரு ஷீட்டில் இன்னும் ஒரு பெட்டியை நுழைத்துவிடலாம் என்ற ஆசையில் டை அடுக்கும்போது இரண்டொன்றைக் குறுக்கே திருப்பிவிடுகிறார்கள். அதனால்தான் ஒரே நாளில், ஒரே அட்டையில் அடித்த பெட்டிகளுள் சில உறுதியாக நிற்க, சில தூக்கியவுடன் கிழிகின்றன. வாங்குபவரோ அச்சடித்த நிறத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறாரே தவிர, கிரெயின் எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை.

கைத்துளையின் வடிவமும் இதே அளவு முக்கியமானது. மூலைகள் கூராக இருந்தால் விசை முழுவதும் அந்தப் புள்ளியில் குவியும்; வளைவாக இருந்தால் பரவும். துளைக்குள்ளிருந்து வரும் அட்டையை வெட்டி எறியாமல், மேல் விளிம்பில் ஒட்டியபடியே விட்டு மேல்நோக்கி மடிக்கச் செய்தால், விரலும் வலிக்காது, விளிம்பும் இரட்டிப்பாகும். நான்கு விரல் நுழைய 8 செ.மீ. நீளமாவது வேண்டும். இவை எதற்கும் கூடுதல் அட்டை தேவையில்லை. டை செய்பவரின் கவனம் ஒன்றே போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி ஈரம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் பல மாதங்களில் 70 சதவீதத்தைத் தாண்டுகிறது. மிகுந்த ஈரக்காற்றில் அட்டைப்பெட்டி தன் தாங்குதிறனில் பாதியை இழந்துவிடக் கூடும் என்பது தொழிலில் எல்லாரும் அறிந்தது. அதற்குமேல், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில் வெளிக்காற்று பட்டதும் வியர்த்து, அந்நீர் வழிந்து நேராகப் பெட்டியின் அடியில் தேங்குகிறது. அடியை ஒட்டியிருக்கும் சாதாரண வெள்ளைப் பசை நீர் பட்டால் இளகும். எனவே கைப்பிடி பிழைத்தாலும் அடி திறந்து பாட்டில் தெருவில் உடைகிறது. பசையை மட்டும் நம்பாமல், மடிப்புகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் அடியை அமைத்து, நீர் தாங்கும் பசையையும் பயன்படுத்தினால் இந்த விபத்தைப் பெருமளவு தவிர்க்கலாம். அட்டைக் கூழிலேயே ஈர வலிமை தரும் பிசினைச் சேர்க்கும் முறையும் உண்டு. அப்படிச் சேர்த்த அட்டையை மறுபடி கூழாக்குவது சற்றுக் கடினம் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனாலும், ஈரத்துக்கு மருந்து என்று பெட்டி முழுவதும் பளபளக்கும் பிளாஸ்டிக் படலத்தை ஒட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் நடப்புக்கு வந்த தடையில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளும் தட்டுகளும் அடங்கும் என்பதைப் படலம் ஒட்டச் சொல்பவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

இன்னொன்று, வெளிநாட்டு வரைபடங்களில் இடம்பெறாதது: ஸ்கூட்டரின் முன்கொக்கி. அங்கே பெட்டி தள்ளுவண்டியிலிருந்து காரின் பின்பகுதிக்குப் போகிறது. இங்கே கொக்கியில் தொங்கி, வேகத்தடைகளின் மேல் குதித்தபடி வீட்டுக்குப் போகிறது. உள்ளங்கை முழுவதும் பரவவேண்டிய எடை, விரற்கடை அகலமுள்ள கம்பியில் இறங்குகிறது. எடையைத் திடீரென ஏற்றினால் அதன் விசை ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியியலின் அடிப்படைப் பாடம். ஆறு 250 மில்லி பாட்டில்களில் பானமே ஒன்றரைக் கிலோ. கண்ணாடியையும் சேர்த்து, குலுக்கலையும் கணக்கிட்டால் அந்தக் கைப்பிடி தாங்கவேண்டியது கடைத் தராசில் தெரியும் எடையை அன்று. ஆகவே நம் ஊர்ப் பெட்டிக்குக் கைப்பிடியின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு மடிப்பு அவசியம் என்பது என் கருத்து. நடுக் கைப்பிடியோடு சேர்ந்தே வரும் இடைத்தடுப்பையும் சிக்கனம் கருதிக் குறைக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் பாட்டிலோடு பாட்டில் மோதி விரிசல் விடும். மஞ்சப்பை எத்தனையோ பொருளுக்கு உகந்தது, ஆயினும் கண்ணாடிப் பாட்டில்களுக்கு மட்டும் அது முழு விடையாகாததன் காரணமும் இந்த மோதல்தான்.

நல்ல அட்டைக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் திருச்சி மாவட்டம் மொண்டிப்பட்டியை நினைத்துப் பார்க்கலாம். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அங்கே ஆண்டுக்கு 2 லட்சம் டன் திறனுள்ள பல அடுக்கு அட்டை ஆலையை நடத்துகிறது. கைப்பிடிப் பெட்டிக்கென்றே நீண்ட நார் கலந்த ஒரு ரகத்தைச் செய்து தரும்படி பானத் தயாரிப்பாளர்கள் கூட்டாகக் கேட்டால் அதைப் பரிசீலிக்க அரசு நிறுவனம் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. தனித்தனியாகச் சில ஆயிரம் பெட்டி வாங்கும் சிறு சோடாக்காரரால் இது இயலாது என்பதால், மாவட்டத் தொழில் மையங்கள் முன்னின்று இவர்களை ஒன்றுசேர்க்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. பெட்டிக்குக் கொள்முதல் ஆணை எழுதும்போது ஜி.எஸ்.எம்., நிறம், விலை என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்ளாமல், கிரெயின் திசை இன்னது என்றும், குளிரவைத்த பாட்டில்களை அடுக்கி அரை மணி நேரம் வெளியில் வைத்தபின் கொக்கியில் மாட்டிக் குலுக்கினாலும் கிழியக் கூடாது என்றும் இரண்டு வரி சேர்க்கலாம். இச்சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். கடையிலேயே செய்து பார்க்கலாம். சென்னையில் கிளை வைத்திருக்கும் இந்தியப் பொதியியல் நிறுவனம் இதை ஒழுங்குபடுத்தி, தமிழில் ஒரு பக்க வழிகாட்டியாக வெளியிட்டால் சிவகாசியின் சிறு அச்சகங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அட்டைப்பெட்டி வடிவமைப்பாளர்,
சிவகாசி.