‘முழு வடிவம்’ என்று ஒன்று இருந்ததில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘பிளட் இஸ் திக்கர் தென் வாட்டர்’ (தண்ணீரைவிட இரத்தம் கெட்டியானது) என்ற ஆங்கிலப் பழமொழி, மற்ற உறவுகளைவிடப் பிறப்புறவே வலியது என்கிறது. அதற்கு ஒரு தலைகீழ் விளக்கம் சமூக ஊடகங்களில் பரவுகிறது. ‘உடன்படிக்கையின் இரத்தம் கருப்பையின் நீரைவிட அடர்த்தியானது’ என்பதுதான் முழு வடிவமாம். பெற்ற உறவைவிடத் தேடிக்கொண்ட நட்பே பெரிது என்பதுதான் பொருளாம். மாணவர் பக்கங்களில் இதை வெளியிடும் முன் சான்றுகளைப் பார்த்துவிட வேண்டும்.

12ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய நரிக்கதைக் காவியமான ‘ரைன்ஹார்ட் ஃபுக்ஸ்’, உறவின் இரத்தம் நீரால் கெடாது என்கிறது. ஆலன் ராம்சே 1737இல் வெளியிட்ட ஸ்காட்லாந்துப் பழமொழித் தொகுப்பில் இன்றைய வடிவமே இருக்கிறது. வால்டர் ஸ்காட்டின் ‘கை மேனரிங்’ நாவலில் (1815), உறவுக்காரப் பெண்மணிக்குத் தந்த பாலாடைக்கட்டியைப் பற்றிப் பேசும் பாத்திரம் இதைச் சொல்கிறது. 1859இல் சீனாவின் தாக்கூ கோட்டைகளருகே பிரிட்டிஷ் கப்பல்கள் அடிவாங்கியபோது, நடுநிலை வகிக்க வேண்டிய அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஜோசையா டாட்னல் உதவிக்குப் போனார். அதற்கு அவர் சொன்ன காரணமும் இதே பழமொழிதான். எல்லா இடத்திலும் இரத்தம் என்றால் பிறப்புறவு. டாட்னல் அதை, பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் ஓரினம் என்று விரித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

நீண்ட வடிவத்துக்கோ பழைய நூல் எதையும் யாரும் காட்டியதில்லை. குழப்பத்துக்கு இடம் தந்திருக்கக்கூடியது ஹென்றி கிளே டிரம்புல் 1885இல் எழுதிய, இரத்த உடன்படிக்கை (இரத்தத்தைப் பகிர்ந்து உறவு பூணும் சடங்கு) பற்றிய நூல். ஒரு தாயிடம் பால் குடித்தவர்களைவிட இரத்தத்தால் உடன்படிக்கை செய்துகொண்டவர்கள் நெருக்கமானவர்கள் என்று அரபு மக்கள் கருதுவதாக அவர் எழுதினார். அங்கே ஒப்பிடப்படுவது தாய்ப்பால். கருப்பை நீர் அல்ல. ஆங்கிலப் பழமொழியை அவரும் வழக்கமான பொருளில்தான் எடுத்தாள்கிறார்.

பயன்படுத்துவதிலும் கவனம் தேவை. இது குடும்பப் பாசத்தைப் பொதுவாகப் புகழும் வாக்கியம் அல்ல. நண்பரா உறவா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நெருக்கடியில், மனத்தாங்கலையும் மீறி ஒருவர் உறவின் பக்கம் சாயும்போது சொல்லப்படுவது. கணவன் மனைவி உறவுக்குப் பொருந்தாது. தமிழில் தரும்போது ‘தண்ணீரைவிட இரத்தம் கெட்டியானது’ என்று எழுதினால் மாணவருக்கு ஒன்றும் விளங்காது. ‘தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்’ என்பதே போதும்.

ஒரு பழமொழிக்கு ‘மூல வடிவம்’ என்று எதையாவது யாராவது அனுப்பினால், அது அச்சான நூலின் பெயரும் ஆண்டும் கேளுங்கள். இரண்டும் வராவிட்டால் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்